பழைய மதர்போர்டில் புதிய கூலர்: பெட்டியைப் பார்க்காதீர்கள், துளையை அளந்து பாருங்கள்

கேள்வி இதுதான். எல்ஜிஏ 775 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள பழைய மதர்போர்டு, அதில் கோர் 2 குவாட் கியூ6600 ப்ராசஸர். கூடவே வந்த கூலர் இப்போது காது கிழியக் கத்துகிறது, வெப்பமும் ஏறுகிறது. டவர் கூலர் (கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்பது) ஒன்று வாங்கிப் போடலாம் என்று தேடினால், பெட்டிகளில் 1200, 1700, ஏஎம்4 என்று வேறு சாக்கெட்டுகளின் பெயர்கள் இருக்கிறதே தவிர 775 என்ற எண்ணையே காணோம். மாட்ட முடியுமா? அதற்காக மதர்போர்டையே கழற்ற வேண்டி வருமா?

மாட்ட முடியும், பிடிப்புச் சட்டம் பொருந்தினால். போர்டையும் அநேகமாகக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. இருக்கிற கூலரைக் கழற்றித் தூசு தட்டி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி மறுபடியும் மாட்டிப் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கூலரில் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் (வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடுகள்) நடுவே கம்பளி மாதிரி ஒரு தூசுப் படலம் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைத் தனியாகக் கழற்றினால்தான் தெரியும். ஃபேன் என்னதான் சுற்றினாலும் காற்று அந்தப் படலத்தைத் தாண்டாது. வெப்பம் ஏறும், போர்டு ஃபேனை இன்னும் வேகமாக ஓட்டும், சத்தம் கூடும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் இந்த ஒரே காரணம் போதும். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும்.

கூலரைக் கழற்றிய கையோடு ப்ராசஸரின் உலோக மூடியில் உள்ள எழுத்தையும் படித்துவிடுங்கள். எஸ்எல்ஏசிஆர் என்று இருந்தால் அது ஜி0 வகை, 95 வாட். எஸ்எல்9யூஎம் என்றால் முதலில் வந்த பி3 வகை, 105 வாட். வாட் வித்தியாசம் சின்னதுதான், ஆனால் மூடியின் மேல் இன்டெல் அனுமதிக்கும் உச்ச வெப்பம் ஜி0-க்கு 71 டிகிரி, பி3-க்கு 62.2 டிகிரி செல்சியஸ். உங்களுடையது பி3 என்றால் நல்ல கூலர் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஜி0 என்றால் சுத்தம் செய்தாலே பிரச்சினை தீர வாய்ப்பு அதிகம்.

சரி, சுத்தம் செய்தும் சரியாகவில்லை, அல்லது சத்தம் பொறுக்க முடியவில்லை, மாற்றியே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பெட்டியில் போட்டிருக்கும் சாக்கெட் பெயர்களை மறந்துவிடுங்கள். கூலருக்குச் சாக்கெட்டின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் போர்டில் உள்ள நான்கு துளைகளும் அவற்றுக்கு இடையே உள்ள தூரமும்தான். 2004-இல் வந்த 775-இல் துளைகள் 72 மி.மீ. பக்கமுள்ள சதுரமாக இருக்கும். 2009-இல் 1156 வந்தபோது அது 75 ஆனது. அதன் பிறகு வந்த 1155, 1150, 1151, 1200 எல்லாமே அதே 75-தான். அதனால்தான் 2009 காலத்துக் கூலர் 2020-இல் வந்த போர்டிலும் உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் 1366-க்கு 80, 2021-இல் வந்த 1700-க்கு 78. ஏஎம்டி பக்கம் சதுரம் இல்லை, செவ்வகம். ஏஎம்2-இலிருந்து ஏஎம்3+ வரையும் எஃப்எம்1, எஃப்எம்2 வகைகளுக்கும் 96-க்கு 48. ஏஎம்4-இல் 90-க்கு 54.

இந்த எண்களை நம்பி விடாமல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கப் போனால் கண் ஏமாற்றும். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து பக்கத்துத் துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே அளவுதான் கிடைக்கும், தவறும் வராது.

இனி வாங்கப் போகும் கூலரின் சட்டத்தைப் பாருங்கள். சில கூலர்களின் கைகளில் ஒரு துளைக்குப் பதில் நீளமான பிளவோ, வரிசையாக மூன்று துளைகளோ இருக்கும். கொஞ்சம் பழைய வடிவமைப்பு என்றால் அந்த மூன்றும் 72, 75, 80-க்கானவை. உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அண்மையில் வந்தவற்றில் 75-உம் 78-உம் மட்டும்தான் இருக்கும். 72-க்கும் 75-க்கும் வித்தியாசம் மூன்று மி.மீ. தானே, கொஞ்சம் இழுத்து மாட்டிவிடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் மையத்தை நோக்கி இரண்டு திசையிலும் ஒன்றரை மி.மீ. உள்ளே வர வேண்டும். மூலைவாட்டில் அது இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல். திருகு அந்த அளவுக்குச் சாய்ந்து இறங்கினால் சுரையைக் கடித்துவிடும், போர்டின் துளை விளிம்பையும் அரைக்கும். முடியாது என்பதுதான் பதில்.

அப்படியானால் துளையைப் பெரிதாக்கலாமா? கூலரின் உலோகச் சட்டத்தில் தாராளமாகச் செய்யலாம். சட்டத்தைத் தனியே கழற்றி, கம்ப்யூட்டருக்கு எட்டாத இடத்தில் வைத்து, அரத்தால் பிளவை உள்நோக்கி நீட்டி, இரும்புத்தூள் ஒன்று மிச்சமில்லாமல் துடைத்து எடுத்து வரலாம். நானே இரண்டு முறை செய்திருக்கிறேன். ஆனால் மதர்போர்டின் துளையைத் தொடக் கூடாது. போர்டு என்பது ஒற்றைப் பலகை இல்லை. மேலேயும் கீழேயும் தெரியும் தாமிரக் கோடுகள் போக, உள்ளேயும் அடுக்கடுக்காகத் தாமிரம் இருக்கிறது. ட்ரில் போட்டால் எந்தக் கோடு அறுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு உயரக் கணக்கும் உண்டு. போர்டின் தளத்திலிருந்து ப்ராசஸரின் மேல்மூடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது சாக்கெட்டுக்குச் சாக்கெட் சற்று மாறும். சுருள்வில் வைத்த திருகுகள் என்றால் அந்த வித்தியாசத்தை வில்லே வாங்கிக்கொள்ளும். திருகு ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும் வகை என்றால், துளை பொருந்தியும் அழுத்தம் போதாமல் போகலாம். அதனால் சட்டத்தைத் திருத்தி மாட்டுவதாக இருந்தால் சுருள்வில் திருகு உள்ளதையே எடுங்கள்.

இப்போது போர்டின் முதுகுப்பக்கம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

775-உடன் வரும் கூலர் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் போர்டைப் பிடிக்கிறது. பின்னால் தகடு எதுவும் கிடையாது. அந்தக் கூலர் எடை குறைவு என்பதால் அது போதும். 775-க்கு இன்டெல் வகுத்த எடை வரம்பே 450 கிராம்தான். 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர்கள் பெரும்பாலும் இந்த எடையைத் தாண்டிவிடும். அதுவும் நின்ற நிலையில் உள்ள கேபினெட்டில் அந்த எடை முழுவதும் போர்டிலிருந்து வெளியே நீட்டித் தொங்குகிறது, ஒரு நெம்புகோல் மாதிரி. எனவே பின்தகடு உள்ள கூலர்தான் வேண்டும். பிளாஸ்டிக் ஊசியால் நிற்கும் டவர் கூலர்களும் உண்டு. பழைய போர்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வருடம் சூட்டில் கிடந்து கூலர் இழுத்த இழுப்பில் ஏற்கெனவே லேசாக வளைந்திருக்கும் போர்டுகள் அவை.

பின்தகட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1156 முதல் ப்ராசஸரை அழுத்தும் இரும்புச் சட்டத்துக்கே தனியாக ஒரு பின்தகடு போர்டின் அடியில் வந்துவிட்டது. மூன்று திருகு முனைகளும் அங்கே துருத்திக்கொண்டிருக்கும். அதற்காக இந்தக் காலத்துக் கூலர்களின் பின்தகட்டில் நடுவில் பெரிய ஓட்டை விட்டிருப்பார்கள். உங்கள் 775 போர்டின் பின்னால் அப்படி எதுவும் இல்லை, வெறும் பலகையும் சாலிடர் முனைகளும்தான். அந்தத் தகட்டை அப்படியே வைத்தால் நடுவில் தாங்கல் இல்லாமல் போகும், அல்லது தகட்டின் ஓரம் சாலிடர் முனைகளில் நேராகப் படும். சில கூலர்களோடு ஒட்டக்கூடிய ரப்பர் திண்டு ஒன்று வரும். 775-க்கு ஒட்டு, மற்றவற்றுக்கு எடுத்துவிடு என்று படம் போட்டிருப்பார்கள். வரவில்லை என்றால் மின்சாரம் கடத்தாத, கெட்டியான ரப்பர் துண்டைச் சரியான தடிமனில் வெட்டி வையுங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் உதவாது. திருகு போடும் இடங்களில் போர்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே நைலான் வாஷர் கட்டாயம்.

தகட்டை மாட்டப் போர்டைக் கழற்ற வேண்டுமா என்றால், கேபினெட்டின் வலது பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். போர்டு உட்காரும் இரும்புத் தட்டில் ப்ராசஸருக்கு நேர் பின்னால் ஜன்னல் மாதிரி வெட்டியிருந்தால் பிழைத்தீர்கள். 775 காலத்துக் கேபினெட்டுகள் பலவற்றில் அந்த ஜன்னல் கிடையாது. இருந்தாலும் 775 துளைகளுக்கு நேராக இருக்காமல் பாதி மறைக்கும். எனவே போர்டைக் கழற்றத் தயாராகவே இருங்கள். கழற்றுமுன் முன்பக்கப் பட்டன், விளக்கு வயர்கள் எந்த ஊசியில் இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

போர்டு வெளியே வந்த பிறகு இரண்டு நிமிடம் அதை நன்றாகப் பாருங்கள். முக்கியமாகச் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை. தலை தட்டையாக இருக்க வேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கூலருக்குச் செலவு செய்வதில் அர்த்தமே இல்லை. முதலில் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும், அல்லது போர்டையே. 2000-களின் முற்பகுதியில் வந்த போர்டுகள் ஏராளம் இந்த நோயால் செத்திருக்கின்றன. அப்படியே சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். டவர் உட்கார்ந்த பிறகு அதை எடுப்பது சில போர்டுகளில் சர்க்கஸ்.

இடத்தின் கதை அடுத்தது. 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர் பொதுவாக 155-இலிருந்து 160 மி.மீ. உயரம் இருக்கும். ப்ராசஸர் மூடியிலிருந்து பக்கக் கதவின் உட்புறம் வரை நேராக அளந்து, அதில் சில மில்லிமீட்டர் கழித்துத்தான் கூலர் தேட வேண்டும். பழைய ஒடுங்கிய கேபினெட்டுகளில் இந்த அளவு கிடைப்பதே கஷ்டம். அப்படியானால் 92 மி.மீ. ஃபேன் வைத்த சின்ன டவர் பாருங்கள். பென்டியம் 4 காலத்துக் கேபினெட் என்றால் கதவின் உட்புறத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் ப்ராசஸரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வெளிக்காற்றை நேராகக் கூலருக்குக் கொண்டுவர வைத்தது அது. டவர் போட்டால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதை மறந்துவிட்டுக் கதவு ஏன் மூட மாட்டேன் என்கிறது என்று நான் பத்து நிமிடம் போராடியிருக்கிறேன்.

ரேம் இடிக்குமா என்பதில் 775-க்கு ஒரு வசதி. இதில் ரேமைக் கட்டுப்படுத்தும் சுற்று ப்ராசஸருக்குள் இல்லை, நார்த்பிரிட்ஜ் என்ற தனிச் சில்லில் இருக்கிறது. அந்தச் சில்லு நடுவில் உட்கார்ந்திருப்பதால் ரேம் சற்றுத் தள்ளியே இருக்கும். ஆனால் இப்போது ரேமுக்குப் பதில் நார்த்பிரிட்ஜின் ஹீட்சிங்க் இடிக்கும். அதையும் அளந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். கூடவே வந்த கூலர் ப்ராசஸரை மட்டும் குளிர்விக்கவில்லை. அது காற்றைப் போர்டை நோக்கிக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று நாலாபுறமும் சிதறிச் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சீராக்கிப் பகுதியையும் (ப்ராசஸருக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தருவது), கெப்பாசிட்டர்களையும், நார்த்பிரிட்ஜையும் வருடிக்கொண்டு போகிறது. பழைய போர்டுகளில் மின்சீராக்கியின் மாஸ்ஃபெட்டுகள் என்ற சின்னச் சுவிட்ச் சில்லுகள் பல சமயம் மேலே ஒரு சின்ன அலுமினியத் துண்டுகூட இல்லாமல் மொட்டையாக நிற்கும். அவை இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததே இந்தக் காற்றினால்தான். டவர் கூலர் காற்றைப் போர்டுக்கு இணையாக, மேலாக வீசிவிட்டுப் போகும். ப்ராசஸர் வெப்பம் 15 டிகிரி குறைந்ததைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். அடியில் மாஸ்ஃபெட் முன்பைவிடச் சூடாக வெந்துகொண்டிருக்கும். அதன் வெப்பத்தைக் காட்டும் சென்சார் அந்தக் காலப் போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது என்பதால் தெரியவும் தெரியாது.

எனவே 95 வாட், 105 வாட் ப்ராசஸர் உள்ள இப்படிப்பட்ட போர்டுக்கு என் விருப்பம், காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும் வகையில் ஹீட்பைப் (வெப்பம் கடத்தும் குழாய்) வைத்த பெரிய கூலர். டவர்தான் வேண்டும் என்றால் மிகப் பெரியதற்குப் போகாமல் நடுத்தரமாக எடுத்து, கேபினெட்டின் பின்புற ஃபேனையும் ஓடவிடுங்கள். முடிந்தால் ஒரு 80 மி.மீ. ஃபேனை மின்சீராக்கிப் பக்கம் திருப்பிக் கட்டிவிடுங்கள். ஓவர்கிளாக் செய்வதாக, அதாவது ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் இது விருப்பம் இல்லை, கட்டாயம்.

கழற்றும் வேலைக்கு வருவோம். 775-இல் ப்ராசஸரை இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால் கூலரோடு அது வந்துவிடாது. ஒவ்வொரு ஊசியின் தலையையும் அதில் போட்டிருக்கும் அம்புக்குறித் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் போதும். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகியிருக்கும், ஒன்று உடைந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ப்ராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, விரல் பட்டாலே வளையும்.

ஏஎம்2, ஏஎம்3, ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று படியுங்கள். உங்கள் ப்ராசஸரில் ஊசிகள் அடியில் இருக்கின்றன. அதைப் பிடித்திருப்பது சாக்கெட்டின் இறுக்கம் மட்டுமே. காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி ஒட்டியிருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே ப்ராசஸரும் பிய்ந்துகொண்டு வரும். எனக்கு ஓர் ஏஎம்2 போர்டில் வந்தது. கொக்கியை விடுவித்து, குளிர்ந்து கிடந்த கூலரைப் பலமாக இழுத்தேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். திருப்பிப் பார்த்தால் கூலரின் அடியில் ப்ராசஸர் தொங்குகிறது, 940 ஊசிகளில் ஓர் ஓரத்து வரிசை காற்றில் சாய்ந்த நாற்று மாதிரிப் படுத்துவிட்டது. லெட்டை நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனைக்குள் ஒவ்வோர் ஊசியாக நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தி, வரிசையைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, மறுபடியும் நிமிர்த்தி ஒரு மாலை முழுதும் போயிற்று. பிழைத்தது. ஓர் ஊசி ஒடிந்திருந்தால் கதை வேறு. அன்றிலிருந்து நான் செய்வது: கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்துப் பதினைந்து நிமிடம் கனமான வேலையில் ஓட்டி, அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுவது. பேஸ்ட் இளகி, கூலர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் மேலே தூக்குவது.

துடைப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. வேறு ஒன்றும் வேண்டாம். புதிய கூலரின் அடிப்பரப்பில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதைப் பிரித்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், அதைப் பிரிக்காமல் மாட்டிவிட்டுக் கூலர் சரியில்லை என்று திட்டுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

பேஸ்ட் எவ்வளவு என்பதற்கு எல்லாரும் பட்டாணி அளவு என்பார்கள். கியூ6600-க்கு மட்டும் நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். அதன் மூடிக்கு அடியில் இருப்பது ஒற்றைச் சில்லு இல்லை, இரண்டு கோர் கொண்ட இரண்டு சில்லுகள் அருகருகே. நடுவில் ஒரே பொட்டு வைத்தால் அது இரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தின் மேல் உட்காரும். பரவும்தான், ஆனால் இரண்டு சில்லுகளின் மேலும் ஓடும்படி மெல்லிய கோடாகப் போட்டால் கவலையே இல்லை. ஹீட்பைப்புகள் நேராகவே ப்ராசஸரைத் தொடும் வகைக் கூலர் என்றால் குழாய்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் முதலில் கொஞ்சம் பேஸ்ட்டைத் தேய்த்து நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் பொட்டு வைத்ததெல்லாம் பள்ளத்துக்குள் போய்விடும். திரவ உலோகம் என்று விற்பதன் பக்கம் போக வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் ஷார்ட்டும் ஆகும்.

இதே கேள்வியை 1155 போர்டும் ஐ7-3770கே ப்ராசஸரும் வைத்திருப்பவர் கேட்டால் என் பதில் சற்று மாறும். அந்தத் தலைமுறையில் மூடிக்கும் சில்லுக்கும் நடுவே சாலிடருக்குப் பதில் பேஸ்ட்தான் வைத்தார்கள். வெளியே எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் உள்ளே ஒரு தடை நிற்கிறது. அதற்கு முந்தைய ஐ5-2500கே-வில் சாலிடர். உங்கள் கியூ6600-உம் சாலிடர்தான். போட்ட கூலருக்கு உரிய பலன் முழுதாகக் கிடைக்கும்.

இறுக்கும்போது ஒரு திருகை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு சுற்று. வில் முழுதும் அமுங்கித் திருகு தானாக நிற்கும் வரைதான், அதற்கு மேல் ஒரு பலமும் காட்ட வேண்டாம். பழைய கூலரையே சுத்தம் செய்து மாட்டுபவர்களுக்கும் இதே முறைதான்: எதிரெதிர் ஊசிகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், ‘க்ளிக்’ கேட்க வேண்டும். கேட்டதை நம்பாமல் போர்டின் முதுகைப் பாருங்கள். வெள்ளைக் கால்கள் இரண்டாகப் பிரிந்து, நடுவில் கறுப்புக் குச்சி முழுதாக வெளியே தெரிய வேண்டும். நான்கில் ஒன்றில் கறுப்பு தெரியவில்லை என்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பார்வைக்கு நேராகத்தான் தெரியும், வெப்பம் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

ஃபேன் வயரில் நான்கு கம்பி, மூன்று கம்பி என்று இருவகை. நான்காவது கம்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பைக் கொண்டு போகிறது. 775 போர்டுகளில் ப்ராசஸர் ஃபேனுக்கான முனை பெரும்பாலும் நான்கு ஊசிதான், எனவே புதிய ஃபேன் அப்படியே பொருந்தும். அதைவிடப் பழைய போர்டில் மூன்று ஊசி முனை இருந்தால், நான்கு கம்பி ஃபேனையும் அதில் செருகலாம், சேதம் இல்லை. போர்டு மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் எப்போதும் முழு வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். இரண்டு ஃபேன் வைத்த கூலரை ஒரே முனையில் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள். பழைய முனைகளில் ஒரு ஆம்பியரைத் தாண்ட விடாமல் இருப்பது நல்லது.

மாட்டி முடித்து முதன்முறை போட்டதும் ‘சிபியூ ஃபேன் எரர்’ என்று நின்றால் பதற வேண்டாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும். போர்டின் பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கும் மென்பொருள்) அந்த வேகத்தைப் பார்த்து ஃபேன் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. பயாஸில் ஃபேன் எச்சரிக்கையின் குறைந்தபட்ச வேகத்தை இறக்குங்கள்; அந்த வசதி இல்லை என்றால் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அந்தப் பயாஸ் திரையிலேயே ஐந்து நிமிடம் இருந்து வெப்பத்தைப் பாருங்கள். விறுவிறுவென்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, தாள், ஊசி, திருகு மூன்றையும் திரும்பப் பாருங்கள்.

அப்புறம் சோதனை. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளில் சின்ன எஃப்எஃப்டி (Small FFT) சோதனை, கூடவே வெப்பம் காட்ட கோர் டெம்ப். இருபது முப்பது நிமிடம் ஓடட்டும். பழைய கூலர் இருக்கும்போதே இதை ஒரு முறை ஓட்டி, அறை வெப்பத்தோடு குறித்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். ஓய்வு நிலையில் காட்டும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கோர் 2 காலத்துச் சென்சார்கள் உச்ச வெப்பத்துக்கு அருகில்தான் ஓரளவு சரியாகச் சொல்லும், குளிர்ந்த நிலையில் ஒரே எண்ணில் சிக்கி நிற்பவையும் உண்டு. ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வகைகளோ அறை வெப்பத்தைவிடக் குறைவாகக்கூடக் காட்டும். முழு வேலையில் ஓடும்போது கியூ6600-இன் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். வேலை கொடுத்தும் 1.6-க்கு இறங்குகிறது என்றால் ப்ராசஸர் சூடு தாங்காமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது.

நான்கு கோர்களுக்கும் நடுவே நான்கைந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஒரு ஜோடி மட்டும் மற்ற ஜோடியைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக நின்றால், அந்தச் சில்லின் பக்கம் பேஸ்ட் போய்ச் சேரவில்லை அல்லது கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கழற்றி, துடைத்து, மறுபடியும் பூசுங்கள். ஒரு முறை தூக்கிய கூலரைப் பழைய பேஸ்ட்டின் மேலேயே திரும்ப வைத்தால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும்.

சோதனை ஓடி முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, மின்சீராக்கிப் பகுதிக்குப் பக்கத்தில் போர்டின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், மாஸ்ஃபெட் மேலேயே வேண்டாம். இரண்டு விநாடிகூட விரல் நிற்கவில்லை என்றால் அந்த 80 மி.மீ. ஃபேனை இன்றே கட்டிவிடுங்கள்.